சீலா மீனும் ஒன்பது ஜூரிகளும்

இராமநாதபுரம், மாணவியர் விடுதி
22-1-1956, ஞாயிறு இரவு

என் பிரியமுள்ள மெஹருன்னிசாவுக்கு,

நீ சுகமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். நான் சுகமாக இல்லை. அதனால் அந்த வரியை நீயே போட்டு வாசித்துக்கொள்.

எல்லாரும் தூங்கிவிட்டார்கள். குளியலறை வாசலில் தொங்கும் அரிக்கேன் விளக்கின் அடியில் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து எழுதுகிறேன். யாராவது வந்தால் வயிற்றுவலி என்று சொல்வேன். பயத்தில் நிஜமாகவே வலிப்பதால் அது பாவத்தில் சேராது.

நம் 'பாம்பன் காற்று' பிடிபட்டுவிட்டது.

நாலாம் பாரத்தில் நீயும் நானும் சேர்ந்து ஆரம்பித்த கையெழுத்துப் பத்திரிகை, உன்னைப் பள்ளியிலிருந்து நிறுத்திய பிறகும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. நானே ஆசிரியர், நானே எழுத்தர், நானே படம் போடுபவள். இந்த மாத இதழில் 'அடுப்படிச் செய்தி' என்று நாலு வரி எழுதினேன். அதை அப்படியே தருகிறேன், நீயே நியாயம் சொல்:

"ஜனவரி ஆறாம் தேதி, வெள்ளிக்கிழமை. நம் தட்டில் விழுந்தது சாளை. ஆனால் அடுப்படிக்குப் பின்னால் பூனை இழுத்துக்கொண்டு போனது பெரிய சீலா மீனின் நடுமுள். முள் வந்த வழி தெரிகிறது. சதை போன வழியை மேட்ரன் அம்மாள் தெரிவித்தால் வாசகர்கள் நன்றி பாராட்டுவார்கள்."

விலை கூடின சீலாவின் முள்ளையும் மலிவான பொடிச் சாளை முள்ளையும் நான் மாற்றிச் சொன்னால் எங்கள் அய்யா என்னைப் பெற்றதையே மறந்துவிடுவார். பூனையிடமிருந்து ஒரு துண்டைப் பிடுங்கிக் கழுவி என் ஜியாமெட்ரி பெட்டியில் வைத்திருக்கிறேன். காம்பசை வெளியே எடுத்தால் வகுப்பு முழுவதும் என்னைத் திரும்பிப் பார்க்கிறது.

நேற்று மேட்ரன் சேதுலட்சுமி அம்மாள் கட்டில் கட்டிலாகச் சோதனை போட்டுக்கொண்டு வந்தார்கள். இதழ் என் மடியில் இருந்தது. ஒரே ஒரு தாளைக் கிழிக்கத்தான் நேரம் இருந்தது. முதல் தாளைக் கிழித்திருந்தால் ஆசிரியர் என்ற என் பெயர் தப்பியிருக்கும். நானோ கடைசித் தாளைக் கிழித்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். அது 'வாசகர் எண்ணம்' பக்கம். வாசித்தவர்கள் ஒரு வரியாவது எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று நீ ஏற்படுத்திய வழக்கம். பதினான்கு பேர் எழுதியிருக்கிறார்கள். ஏன் அதைக் கிழித்தேன் என்று இன்னும் எனக்கே தெரியவில்லை.

மேட்ரன் அழுதுகொண்டே ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவிடம் போனார்கள். "என்னத்தக் கிறுக்கி வச்சிருக்கா பாருங்கம்மா. நான் மீன் திருடுன பூனையாம்," என்றார்கள். நான் பூனையையும் அவர்களையும் வேறு வேறாகத்தான் எழுதியிருந்தேன்.

ஹெட்மிஸ்ட்ரஸ் இரண்டு தடவை வாசித்தார். "இது பத்திரிகை அவதூறு. வெளியே எழுதியிருந்தா கோர்ட்டுக்குப் போயிருக்கணும். நமக்கும் குடிமைப் பயிற்சியில இந்த மாசம் ஜூரி விசாரணைதான பாடம்?" என்றார். அவர் குரலில் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது. வருஷா வருஷம் கரும்பலகையில் ஜூரிப் பெட்டியை வரைந்தே காட்டியவருக்கு இப்போது உயிரோடு ஒரு குற்றவாளி கிடைத்துவிட்டாள்.

வரும் சனிக்கிழமை விசாரணை. சீட்டுக் குலுக்கி ஒன்பது ஜூரிகள். எனக்கு வக்கீல் கிடையாது. குற்றம் என்று தீர்ந்தால் பிரார்த்தனைக் கூட்டத்தில் மன்னிப்பு, அதோடு அய்யாவுக்குக் கடிதம்.

மெஹரு, மன்னிப்பு நூறு தடவை கேட்பேன். கடிதம்தான். போன ஜூனில் தங்கச்சிமடத்தில் ரயில் ஏற்றும்போது அய்யா சொன்னார், "படி தாயி. ஆனா பள்ளிக்கூடத்துல இருந்து ஒத்தக் கடுதாசி வந்துச்சின்னா அன்னைக்கே வந்து கூட்டிட்டுப் போயிருவேன்." அவருக்கு வாசிக்கத் தெரியாது. வரும் கடிதத்தையெல்லாம் உபதேசியார் மரியதாஸ்தான் ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் நின்று பிரசங்கக் குரலில் வாசிப்பார். ஊரே கேட்கும். அதற்குப் பிறகு நான் ஆறாம் பாரம் படிப்பதாவது. கருவாடு காயப்போடுவதுதான்.

உன் அண்ணன் கபீர் காக்கா சென்னையில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறாரே, அவரிடம் கேட்டு ஏதாவது வழி எழுது. விடுதிக்கு வரும் தபாலை மேட்ரன் பிரித்துப் பார்ப்பார்கள். இந்தக் கடிதம், வீட்டிலிருந்து வந்து படிக்கும் சல்மாவின் டிபன் கேரியரில் வெளியே போய்த் தபாலில் சேரும். பதிலைச் சல்மா வீட்டு விலாசத்துக்கே போடு.

பயத்துடன்,
உன் லீமாரோஸ்


786
கீழக்கரை
25-1-1956

அன்புத் தோழி லீமாவுக்கு மெஹருன்னிசாவின் சலாம்.

உன் கடிதத்தில் மோர்க்குழம்பு சிந்தியிருந்தது. சல்மாவின் உம்மா நன்றாகச் சமைக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன்.

அழாதே. நீ எழுதிய நாலு வரியும் நன்றாக இருக்கின்றன. நான் இருந்திருந்தால் பூனையின் பெயரையும் போட்டிருப்பேன்.

காக்காவிடம் கேட்டாகிவிட்டது. சென்னை ஐகோர்ட்டில் இப்போது இதேபோல் ஒரு கேஸ் நடக்கிறதாம். ஒரு பத்திரிகை ஆசிரியர், ஏதோ ஒரு சங்கத் தலைவரைப் பற்றி எழுதிவிட்டாராம். அங்கேயும் ஒன்பது ஜூரிதான். காக்கா சொன்னதை எழுதுகிறேன், கவனமாகப் படி.

சட்டம் என்ன என்பதை ஜட்ஜ் சொல்லுவார். நடந்தது என்ன என்பதை ஜூரி சொல்லும். இவர் அதில் தலையிடக் கூடாது, அவர்கள் இதில் தலையிடக் கூடாது. விசாரணை முடிந்ததும் ஜட்ஜ், "ஜூரி அங்கத்தினர்களே" என்று ஆரம்பித்து, எதை எதை யோசிக்க வேண்டும், எதை யோசிக்கக் கூடாது என்று எடுத்துச் சொல்லுவார். கேஸின் உயிரே அந்தப் பேச்சில்தான் இருக்கிறது. ஒரு வார்த்தை விடாமல் எழுதி வைத்துக்கொள்.

இன்னொன்று. எழுதியது உண்மையாகவும் இருந்து, நாலு பேருக்கு நன்மையாகவும் இருந்தால் அது அவதூறு இல்லை. இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும். மீன் உண்மை. விடுதியில் நாற்பது பேருக்குச் சாப்பாடு, அது நன்மை. முள்ளைத் தொலைத்துவிடாதே.

இதற்கு மேல் காக்கா சொல்லியிருந்த பகுதி எனக்குக் கிடைக்கவில்லை.

இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. வாப்பாவின் மளிகைக்கடைக்குப் பின்கட்டில் உட்கார்ந்து பொட்டலம் மடிக்கிறேன். கடைக்கு யார் வந்தாலும் குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன். முகம்தான் ஒன்றும் தெரியாது.

பிரியமுடன்,
மெஹரு


இராமநாதபுரம்
28-1-1956, சனி இரவு

அன்புள்ள மெஹருவுக்கு,

தோற்றுவிட்டேன். ஒன்பதுக்கு ஒன்பது.

உன் கடிதம் இரண்டு நாளாக என் தலையணைக்குள் இருந்தது. சீரக வாசனை அடித்தது. சென்னை வக்கீல் ஆபீசில் என்ன சமைக்கிறார்கள்?

விசாரணை தையல் வகுப்பில் நடந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் கறுப்புச் சால்வை போட்டுக்கொண்டு வந்தார். ஜூரிகள் இரண்டு பெஞ்சில். சீட்டில் யார் யார் வந்தார்கள் என்று பார்த்ததும் விரல் விட்டு எண்ணினேன். ஒன்பது பேரும் 'வாசகர் எண்ணம்' எழுதியவர்கள். தாஜுன்னிசா, "இந்தச் செய்தியை வாசித்ததும் மறுபடி பசித்தது" என்று எழுதியிருந்தாள். ஜோதிமேரி, "ஆசிரியரின் வீரம் வாழ்க" என்று இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தாள். திருவாடானைச் சிவகாமி மீனையே கண்ணால் பார்க்காதவள். அவள்கூட, "கையெழுத்து அழகு" என்று எழுதியிருந்தாள். அந்தத் தாள் எங்கே போயிற்று என்று அவர்களுக்குத் தெரியாது. ஹெட்மிஸ்ட்ரஸ் மேஜைமேல் இருந்த இதழையே ஒன்பது ஜோடிக் கண்களும் பார்த்துக்கொண்டிருந்தன. என்னை ஒருத்தியும் பார்க்கவில்லை.

ஜோதிமேரியை ஜூரித் தலைவியாக வைத்தார்கள்.

மேட்ரன் சாட்சி சொன்னார்கள். "பதினோரு வருஷமா இந்தப் புள்ளைகளுக்கு ஆக்கிப் போடுறேன். என் கையால ஒரு பருக்கை எடுத்து வாயில போட்டிருந்தா அந்தச் சோறு எனக்குச் செரிக்காம போகட்டும்," என்றார்கள். பார்க்கப் பாவமாக இருந்தது. உண்மையைச் சொல்பவர் போலவே அழுதார்கள். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

என் முறை வந்ததும் ஜியாமெட்ரி பெட்டியைத் திறக்கப் போனேன். ஹெட்மிஸ்ட்ரஸ் கையைக் காட்டி நிறுத்தினார். "மீன் இருந்ததா, இல்லையா என்பது இங்கே கேள்வியே இல்லை. ஒருவர் மனம் புண்பட்டதா என்பதுதான் கேள்வி," என்றார். பெட்டியை மூடினேன். அவசரத்தில் அது கீழே விழுந்து, பாகைமானிதான் உடைந்தது. முள்ளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிறகு ஜூரிக்கு எடுத்துச் சொன்னார். நீ சொன்னபடி ஒரு வார்த்தை விடாமல் எழுதினேன்:

"ஜூரி அங்கத்தினர்களே, நீங்கள் சுதந்திரமானவர்கள். யாருக்கும் பயப்பட வேண்டாம். மேட்ரன் அம்மாள் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. இது அவதூறு என்பதில் சந்தேகமே கிடையாது. எழுதியது தான்தான் என்று இவளும் ஒப்புக்கொண்டாள். மீதியை உங்கள் மனச்சாட்சிக்கு விட்டுவிடுகிறேன். குற்றவாளி இல்லை என்று நினைப்பவர் யாராவது இருந்தால் சாயங்காலம் என் அறைக்குத் தனியாக வந்து காரணம் சொல்லலாம். நாலு மணிக்கு வளையப்பந்து இருக்கிறது, மறக்க வேண்டாம்."

மூன்று ஐம்பதுக்குத் தீர்ப்பு வந்துவிட்டது. ஜோதிமேரி சுவரைப் பார்த்துக்கொண்டு, "குற்றவாளி," என்றாள்.

அய்யாவுக்குக் கடிதம் வெள்ளிக்கிழமை தபாலில் போகிறது. ஞாயிறு பூசைக்குச் சரியாகப் போய்ச் சேரும். மன்னிப்பு மட்டும் போதாதா என்று கேட்டேன். இரண்டும்தான் என்றார். இன்னும் ஆறு நாள் இருக்கிறது.

லீமா


786
கீழக்கரை
30-1-1956

லீமா,

சலாம், சுகம் எல்லாம் அடுத்த கடிதத்தில். உன் ஹெட்மிஸ்ட்ரஸ் பேசியதை நாலு தடவை வாசித்தேன். நாலாவது தடவை சத்தமாகச் சிரித்துவிட்டேன். உம்மா வந்து, "என்ன புள்ள, தனியா உக்காந்து சிரிக்கிறே, பேய் ஏதும் புடிச்சிருச்சா, பாத்தியா ஓத வைக்கவா?" என்றார்கள்.

நீ தோற்கவில்லை. ஜட்ஜ்தான் தோற்றிருக்கிறார். ஜூரித் தீர்ப்புமேல் சும்மா அப்பீல் போக முடியாது. ஆனால் ஜட்ஜ் ஜூரிக்குத் தப்பாக எடுத்துச் சொல்லியிருந்தால் போகலாம். காக்கா இதைத் திட்டமாகச் சொல்கிறார். அந்தச் சென்னைப் பத்திரிகை ஆசிரியரும் இதைச் சொல்லித்தான் அப்பீல் போட்டிருக்கிறார்.

அப்பீல் மனுவை நானே எழுதி இதோடு வைத்திருக்கிறேன். உன் கையெழுத்தில் பிரதி எடுத்துக் கொடு. அவதூறா இல்லையா என்பது ஜூரி சொல்ல வேண்டியது, அதை ஜட்ஜே சொல்லிவிட்டார். உண்மையும் பொதுநன்மையும் சேர்ந்தால் குற்றமில்லை என்ற சட்டத்தைச் சொல்லவே இல்லை. முள்ளைப் பார்க்கவிடவில்லை. மாறுபட்டு நினைப்பவரைத் தனியாகத் தன் அறைக்கு வரச் சொன்னார். அது அழைப்பு இல்லை லீமா, மிரட்டல். வளையப்பந்தையும் சேர்த்திருக்கிறேன். ஒரு மனிதரின் விதியைத் தீர்மானிப்பவர்களுக்கு விளையாட்டு நேரத்தை ஞாபகப்படுத்தக் கூடாது.

அதோடு 'வாசகர் எண்ணம்' தாளையும் இணைத்துவிடு. ஜூரிகள் ஒன்பது பேரும் முன்னமே அபிப்பிராயம் எழுதிக் கையெழுத்துப் போட்டவர்கள் என்று ஆகிவிட்டால், தீர்ப்பு ஒரு நிமிஷம்கூட நிற்காது. உன் கையில் இருப்பதிலேயே பெரிய ஆயுதம் அதுதான். பாவம் பார்க்காதே. அவர்கள் உன்னைப் பார்த்தார்களா?

மெஹரு


இராமநாதபுரம்
1-2-1956, புதன் இரவு

அன்புள்ள மெஹரு,

மனுவைக் கொடுத்துவிட்டேன். தாளைக் கொடுக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

நேற்று அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். ஜோதிமேரிக்கும் ஓர் அய்யா இருக்கிறார். ஓலைக்குடாவில். அவருக்கும் வாசிக்கத் தெரியாது. அங்கேயும் கடிதம் வாசிப்பது இதே உபதேசியார்தான். ஒரே ஞாயிற்றுக்கிழமை எத்தனை கடிதம் வாசிப்பார்? அவருக்கு அது பெருநாள் மாதிரி ஆகிவிடும்.

கத்தரிக்கோலால் தாளைப் பதினான்கு கீற்றாக வெட்டினேன். அவரவர் எழுதியதை அவரவர் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன். தாஜுன்னிசாவுடையதை வைக்கும்போது அவள் தூக்கத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உம்மா, இன்னும் கொஞ்சம்," என்றாள். உயிர் போய்த் திரும்பியது.

 இன்று சாப்பாட்டு நேரத்தில் என் தட்டில் மூன்று அப்பளம் இருந்தது. எனக்குப் போட்டது ஒன்றுதான்.

ஹெட்மிஸ்ட்ரஸ் மனுவை நின்றுகொண்டே வாசித்தார். பிறகு உட்கார்ந்து வாசித்தார். வளையப்பந்து வரும் இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை எழுதிய வக்கீல் யார்?" என்று கேட்டார். சென்னையில் ஒருத்தர் என்றேன். "மேல் கோர்ட்டுக்கு நான் எங்கே போவேன்? இந்தப் பள்ளியில் எனக்கு மேலே கூரைதான் இருக்கிறது," என்றார். கோபமா இல்லையா என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் அப்பீலை அவரே விசாரிக்கிறாராம். அய்யாவுக்கு எழுதிய கடிதம் உறையில் போட்டு, தபால்தலை ஒட்டி, அவர் மேஜையில் இருக்கிறது. விலாசம் என் பக்கம் பார்த்தபடி இருந்தது.

ஒரு சந்தேகம். சென்னைக்குத் தபால் போய்த் திரும்ப நாலைந்து நாள் ஆகும். உன் காக்காவின் சட்டமோ மறுநாளே வந்துவிடுகிறது. அவர் விடுப்பில் ஊருக்கு வந்திருக்கிறாரா? வந்திருந்தால் என் வணக்கத்தைச் சொல்.

லீமா


இராமநாதபுரம்
4-2-1956, சனி இரவு

என் அன்பு மெஹருவுக்கு,

உன் பதிலுக்குக் காத்திருக்க முடியவில்லை. நேற்று நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். இடையில் அழ மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கிறேன்.

ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில் நானும், மேட்ரனும், பின்னால் ஒன்பது ஜூரிகளும். அய்யாவுக்கு எழுதிய கடிதம் மேஜையில். வாசலில் அதைத் தபாலாபீசுக்குக் கொண்டுபோகக் காவல்காரர் உக்கிரபாண்டி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் முள்ளைப் பார்க்கவிடவில்லை என்று மனுவில் இருக்கிறது. அது சரிதான். காட்டு," என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

பெட்டியைத் திறந்தேன். நாலு வாரத்து முள். உக்கிரபாண்டி சைக்கிளோடு இரண்டடி தள்ளி நின்றார்.

ஹெட்மிஸ்ட்ரஸ் மட்டும் குனிந்து பார்த்தார். நான் விரலால் காட்டி, இதன் கனம் இப்படி, இடைவெளி இப்படி, சாளைக்கு இது குண்டூசி மாதிரி இருக்கும், இது கை நீளத்துக்குக் குறையாத சீலா என்று சொன்னேன். பயத்தில் இருந்தவளுக்கு மீன் பேச்சு வந்ததும் குரல் தானாக வந்துவிட்டது. அய்யா கரையில் பேசுவதுபோலப் பேசினேன்.

"எந்தத் தேதி?"

"ஜனவரி ஆறு. மூன்று ராஜாக்கள் திருநாள்."

அவர் நிமிரவில்லை. முள்ளின்மேல் விரலை வைத்து நீளத்தை அளந்தார். பிறகு மிக மெதுவாக, "சேதுலட்சுமி அம்மா, அன்னைக்கு ராத்திரி எனக்கு ஒரு குழம்பு கொடுத்தனுப்பினீங்களே," என்றார்.

"ஆமாம்மா."

"அது சீலாதானே? நல்லா இருக்குன்னுகூடச் சொல்லிவிட்டேன்."

"ஆமாம்மா. தலைப்பக்கத்து மீனுல்ல."

"அது எந்த மீன்?"

மேட்ரன் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு, "விடுதிக்கு வந்ததுல ஒண்ணு பெருசாக் கிடந்துச்சும்மா. நாப்பது புள்ளைகளுக்குப் பங்கு வச்சா ஆளுக்கு நகத்தளவுகூடத் தேறாது. நீங்க ஒத்தையில இருக்கிற ஆளு. நோட்டுத் திருத்திக்கிட்டே சாப்பிடாமப் படுத்துருவீங்க. அதேன்," என்றார்கள்.

"அன்னைக்கு மட்டுமா?"

"வெள்ளிக்கிழமை மட்டுந்தேன்மா. மூணு வருசமா."

மெஹரு, மேட்ரன் பொய் சொல்லவே இல்லை. அவர்கள் வாயில் ஒரு துண்டும் போடவில்லை. சதை போன வழி ஹெட்மிஸ்ட்ரஸ் வீட்டு வாசலில் முடிந்திருக்கிறது.  இனி நிச்சயம் இரண்டு கடிதம் போகும் என்று நினைத்தேன்.

ஹெட்மிஸ்ட்ரஸ் கறுப்புச் சால்வையைக் கழற்றி மடித்து மேஜைமேல் வைத்தார். "ஜூரி அங்கத்தினர்களே, இந்த வழக்கின் முக்கியமான தடயத்தை நீதிபதி சாப்பிட்டுவிட்டார். அதனால் அவருக்கு இதை விசாரிக்க யோக்கியதை இல்லை. மறுவிசாரணை. கணக்கு டீச்சரைக் கூப்பிடுங்கள்," என்றார். எழுந்து வந்து, சாட்சிகள் நிற்கும் இடத்தில் நின்றுகொண்டார்.

கணக்கு டீச்சருக்கு ஜூரி என்றால் என்னவென்றே தெரியாது. உன் மனுவைக் கையில் கொடுத்தார்கள். அதையே வரி வரியாகப் புரட்டிப் போட்டு ஜூரிக்கு எடுத்துச் சொன்னார். "எழுதியது உண்மையா என்று பாருங்கள். நாலு பேருக்கு நன்மையா என்று பாருங்கள். இரண்டும் ஆம் என்றால் குற்றமில்லை. நான் என்ன நினைக்கிறேன் என்று யோசிக்காதீர்கள், நான் ஒன்றும் நினைக்கவில்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்."

ஒன்பதே நிமிஷம். எட்டுப் பேர் குற்றவாளி இல்லை என்றார்கள். ஜோதிமேரி இந்தத் தடவை என்னைப் பார்த்துச் சொன்னாள். அவள் கைக்குள் ஒரு கீற்றுத் தாள் மடங்கி இருந்ததைப் பார்த்தேன். சிவகாமி மட்டும், "மீன் விஷயத்தில் எது உண்மை என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்று தனியாக நின்றாள். அதுவும் நியாயம்தான். அவளைத் தனியாக யாரும் அறைக்கு அழைக்கவில்லை.

அய்யாவுக்கு எழுதிய கடிதத்தை ஹெட்மிஸ்ட்ரஸ் நாலாகக் கிழித்தார். தபால்தலையை மட்டும் ஈரம் தொட்டு உரித்து எடுத்துக்கொண்டார்.

அன்றைக்கும் வெள்ளிக்கிழமை அல்லவா? இரவில் மேட்ரன் என் முன்னால் வந்து நின்று, கரண்டி நிறைய சீலாத் துண்டை என் தட்டில் தட்டினார்கள். "தின்னு. இதையும் எழுது," என்றார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் எங்களோடு பந்தியில் உட்கார்ந்து சாளை சாப்பிட்டார். முள் எடுக்கத் தெரியாமல் கஷ்டப்பட்டார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

இப்போது வேறு ஒரு சிக்கல். உன் காக்காவுக்கு நன்றிக் கடிதம் எழுத வேண்டும், சென்னை வக்கீல் ஆபீஸ் விலாசம் வேண்டும் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் பிடிவாதமாகக் கேட்கிறார். உடனே அனுப்பு.

உன்
லீமாரோஸ்


786
கீழக்கரை
9-2-1956

லீமா,

உன் கடிதத்தை வாசித்து எனக்குச் சந்தோஷத்தில் கை ஓடவில்லை. கடைசிப் பாராவை வாசித்ததும் காலும் ஓடவில்லை.

விலாசம் அனுப்ப முடியாது. காக்காவுக்கு ஒன்றும் தெரியாது. காக்கா ஐந்து மாதமாகக் கடிதமே போடவில்லை. வக்கீல் ஆபீசில் அவர் கேஸ் கட்டு தூக்குகிறார், அவ்வளவுதான்.

பொட்டலம் மடிக்கச் சென்னையிலிருந்து கடைக்குப் பழைய பேப்பர் கட்டுக் கட்டாக வரும். மடிக்கும் முன் வாசிப்பேன். வேறு வாசிக்க இங்கே என்ன இருக்கிறது? அந்தப் பத்திரிகை ஆசிரியர் கேஸ் தினம் ஒரு பத்தி வந்தது. ஜட்ஜ் ஜூரிக்குச் சொன்னது முழுப் பக்கம். அந்தத் தாள்களை வாப்பாவுக்குத் தெரியாமல் சீரக மூட்டைக்கு அடியில் ஒளித்து வைத்தேன். அப்படியும் ஒரு நாள் என் மூத்தவள் லாத்தா பாதியைக் கடைக்கு எடுத்துக் கொடுத்துவிட்டாள். 'கிடைக்கவில்லை' என்று எழுதினேனே, அந்தப் பகுதி கால்வீசை சீரகத்தோடு யார் வீட்டுக்கோ போய்விட்டது.

நாலாம் பாரத்தோடு நின்றவள் சொன்னால் நீ நம்ப மாட்டாய் என்று காக்கா பெயரைப் போட்டேன். நம்பியிருக்க மாட்டாய்தானே?

தாளை வெட்டிக் கொடுத்ததுபற்றி உன்னோடு சண்டை போட நினைத்திருந்தேன். பொய்யே எழுதிக்கொண்டிருந்தவளுக்கு அந்த உரிமை இல்லை. நீ செய்ததுதான் சரி. உன் ஹெட்மிஸ்ட்ரஸிடம் ஏதாவது சொல்லிச் சமாளி.

மெஹருன்னிசா


இராமநாதபுரம்
12-2-1956, ஞாயிறு இரவு

அன்புள்ள வக்கீல் அம்மாவுக்கு,

எனக்கு முன்னமே தெரியும். மறுநாளே பதில் வந்தபோது சந்தேகம். மிரட்டல் என்று எழுதியிருந்தாயே, அதை வாசித்ததும் நிச்சயம். உன் காக்கா வெள்ளிப் பேனா வைத்துக்கொண்டு எழுதினாலும் அந்த வரி வராது. அப்பீல் மனுவை உன் சட்டம் என்று தெரிந்துதான் பிரதி எடுத்தேன். உன்னை நம்பித்தான் ஹெட்மிஸ்ட்ரஸ் அறைக்குள் போனேன்.

சமாளிக்கவும் இல்லை. நேராகச் சொல்லிவிட்டேன்.  ஹெட்மிஸ்ட்ரஸ், "எந்த மெஹருன்னிசா? கட்டுரை நோட்டில் மார்ஜினுக்கு வெளியே எழுதுவாளே, அவளா?" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அவளை நிறுத்துகிறேன் என்று அவள் வாப்பா வந்தபோது நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்," என்றார்.

அவர் உன் வாப்பாவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஜூனில் ஐந்தாம் பாரத்தில் உனக்கு இடம் வைத்திருப்பதாக. நாளைத் தபாலில் போகிறது. நான் இதை நாளைக் காலையிலேயே சல்மாவிடம் கொடுத்தால் உனக்கு முதலில் கிடைக்கலாம். அய்யாவுக்குப் போகாத கடிதத்தின் தபால்தலையைத்தான் அந்த உறையில் ஒட்டியிருக்கிறார். பசை போதாமல் ஓரம் கொஞ்சம் தூக்கிக்கொண்டிருக்கிறது.

இனி உன் கேஸ். உங்கள் வீட்டில் ஜூரி யார் யார் என்று எனக்குத் தெரியும். வாப்பா, உம்மா, மாமி, லாத்தா. அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஜட்ஜ் இல்லை. அதனால் நான் எழுதுகிறேன், நீ வாசித்துக் காட்டு:

ஜூரி அங்கத்தினர்களே, தெருவில் யார் என்ன சொல்வார்கள் என்பது இந்தக் கேஸில் சாட்சியம் அல்ல. அவர்களைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. லாத்தாவுக்குப் படிப்பு இல்லை என்பதும் சாட்சியம் அல்ல. இந்தப் பெண் பொட்டலத் தாளை வைத்துக்கொண்டு, தான் இல்லாத பள்ளிக்கூடத்தில் நடந்த கேஸை ஜெயித்தாளா என்பதை மட்டும் பாருங்கள். அது உண்மை. அதனால் நாலு பேருக்கு நன்மை. அவசரம் இல்லை. உங்களுக்கு நாலு மணிக்கு வளையப்பந்தும் இல்லை.

நடுக்கத்துடன்,
லீமா


786
கீழக்கரை
20-2-1956

லீமாவுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் கடிதம் புதனன்று. தபால்தலை ஓரத்தைப் பார்த்தேன்.

ஜூரி ஐந்து நாள் கூடியது. பின்கட்டில், மிளகாய் மூட்டைக்கு நடுவில். நீ எழுதியதை வாசித்துக் காட்டினேன். மாமி, "அந்தக் கரையாரப் புள்ள எம்புட்டுத் திமிரா எழுதியிருக்கா பாரு," என்றார்கள். லாத்தா தன் பெயர் வந்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள். திரும்பி வந்து, "அவ போகட்டும். நான்தான் போகல," என்றாள்.

 வாப்பா ஹெட்மிஸ்ட்ரஸ் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கடைக்குப் போனார்கள். அன்றைக்கு வந்த ஆளுக்கெல்லாம் அதை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். பின்கட்டிலிருந்து குரலைக் கேட்டேன். "எம் மக கோர்ட்டு மனு எழுதுறா தெரியுமா?" என்று. ராத்திரி வந்து, "சல்மா வீட்டுல தங்கிப் படி. கூண்டு வண்டியில போ, கூண்டு வண்டியில வா," என்றார்கள்.

மூன்றுக்கு ஒன்று. எதிர்த்து நின்றது மாமி. பரவாயில்லை, உங்களுக்குச் சிவகாமி மாதிரி.

நீ ஆறாம் பாரம், நான் ஐந்தாம் பாரம். அக்கா என்று கூப்பிடச் சொன்னால் மான நஷ்ட வழக்குப் போடுவேன். 'பாம்பன் காற்று' அடுத்த இதழில் கடைசிப் பக்கத்தைக் காலியாக வை. நானே வந்து எழுதுகிறேன்.

அந்தச் சென்னை ஆசிரியர் அப்பீலில் என்ன ஆனார் என்று இன்னும் தெரியவில்லை. அந்தத் தாளில் கொத்தமல்லி கட்டிப் போய்விட்டதாம். நம் பள்ளி வாசகசாலையில் பழைய பேப்பரைத் தேதி வாரியாக அடுக்கி வைத்திருப்பார்களே, அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று இப்போதே விசாரித்து வை. ஜூனில் வந்ததும் எனக்கு முதல் வேலை அது.

வாரேன்.

மெஹருன்னிசா